கடுமையாகக் குறுகிய கரோனரி தமனிகள்: அறுவை முறைகள் குறித்த ஓர் ஆய்வு

உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இதயம், தன் தசைக்கு வேண்டிய இரத்தத்தைத் தன் அறைகளில் நிறைந்திருக்கும் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனி இதயத்தை விட்டு வெளியேறும் இடத்திலேயே கிளைத்து, இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்து, பின் தசைக்குள் இறங்கும் கரோனரி தமனிகளே அதற்கு ஊட்டமளிக்கின்றன. இடப்பக்கத்தில் தோன்றும் முதன்மைத் தமனி சிறிது தொலைவிலேயே இரண்டாகப் பிரிந்து, இதயத்தின் முன்சுவரில் இறங்கும் முன்னிறங்கு தமனியாகவும், இடப்பக்கம் வளைந்து பின்னால் செல்லும் சுற்றுத் தமனியாகவும் ஆகிறது. வலப்பக்கத்துக்குத் தனியே ஒரு வலது கரோனரி தமனி உண்டு. இவற்றின் உட்குழல் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அகலமே கொண்டது. அந்தச் சிறிய குழலின் சுவரில்தான் கொழுப்பும் சுண்ணமும் நார்த்திசுவும் ஆண்டுக்கணக்கில் படிந்து, குழலைக் குறுக்குகின்றன.

குறுகலின் அளவும் அதனால் வரும் கேடும் ஒரே சீராக வளர்வதில்லை. விட்டம் பாதியாகும்போது குறுக்குவெட்டுப் பரப்பில் முக்கால் பங்கு மறைந்துவிடுகிறது. அப்போதும், சிறு தமனிகள் விரிந்து ஈடுசெய்வதால், ஓய்வில் இருக்கும் இதயத்துக்குப் போதிய இரத்தம் கிடைத்துவிடும். மாடி ஏறும்போதோ விரைந்து நடக்கும்போதோ தேவை பல மடங்கு கூடுகையில்தான் பற்றாக்குறை மார்பு இறுக்கமாக வெளிப்படுகிறது. விட்டத்தில் 85 முதல் 90 விழுக்காடு வரை குறுகிய பிறகு ஓய்வு நிலையிலேயே ஓட்டம் குறையத் தொடங்குகிறது. நடைமுறையில், இடது முதன்மைத் தமனியில் 50 விழுக்காடும் ஏனைய தமனிகளில் 70 விழுக்காடும் குறுகியிருந்தால் அதைக் கருதத்தக்க அடைப்பாக மருத்துவர்கள் கொள்கின்றனர்.

இத்தகைய அடைப்புக்கு அறுவை மருத்துவம் கண்ட வழிகளைத் தொகுத்து நோக்கினால் ஒரு பொது உண்மை புலப்படும். வெற்றி பெற்ற முறைகளுள் பெரும்பாலானவை அடைப்பை அகற்றுவதில்லை. அடைப்புக்கு அப்பால் இரத்தத்தைக் கொண்டுசேர்க்க, பைபாஸ் எனப்படும் புதிய பாதை ஒன்றை அமைக்கின்றன. ஆகவே அறுவையின் பயன், கொண்டுவந்து தைக்கப்படும் குழாயின் தரத்தையும், அது சென்று சேரும் தமனியின் நிலையையும் பொறுத்தது. இயந்திரம், வெட்டின் நீளம், கருவிகளின் புதுமை ஆகியவை இவ்விரண்டுக்கும் அடுத்த இடத்திலேயே நிற்கின்றன. இக்கருத்தை வரலாறும் மருத்துவ ஆய்வுகளும் எவ்வளவு தூரம் தாங்குகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடக்க முயற்சிகள்

பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்சிஸ் கேரல், பெருந்தமனியிலிருந்து கரோனரி தமனிக்கு ஒட்டுக்குழாய் இணைக்கும் சோதனையை நாய்களில் செய்து 1910-இல் வெளியிட்டார். இரத்த நாளங்களைத் தைக்கும் முறைக்காக 1912-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் மனித இதயத்தில் அதைச் செய்வதற்கான மயக்க மருத்துவமும் கருவிகளும் அக்காலத்தில் இல்லை. அதனால் அடுத்த நாற்பது ஆண்டுகள் மறைமுக வழிகளிலேயே கழிந்தன. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கிளாட் பெக் 1935-இல் மார்புத் தசையை இதயத்தின் மேற்பரப்பில் ஒட்டவைத்து, அதிலிருந்து புதிய சிறு நாளங்கள் இதயத்துக்குள் வளரும் என்று எதிர்பார்த்தார். மார்பெலும்பின் இருபுறமும் ஓடும் உள்மார்புத் தமனிகளைக் கட்டிவிட்டால் அவற்றின் இரத்தம் இதயத்தின் பக்கம் திரும்பும் என்னும் கருத்து இத்தாலியில் தோன்றி 1950-களில் பரவியது. மார்பு வலி தணிந்ததாக நோயாளிகள் பலர் கூறினர். ஆனால் 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு ஆய்வுகளில், ஒரு பிரிவினருக்குத் தமனி கட்டப்பட்டது. மற்றொரு பிரிவினருக்குத் தோல் மட்டும் வெட்டித் தைக்கப்பட்டது. இரு பிரிவினரும் ஒரே அளவில் நலமடைந்ததாகத் தெரிவித்தனர். அறுவை என்ற நிகழ்வே தரும் நம்பிக்கையை உண்மையான குணத்திலிருந்து பிரித்தறியாமல் எந்த அறுவை முறையையும் ஏற்கக் கூடாது என்பதை இதயத் துறை அன்று கற்றுக்கொண்டது.

மான்ட்ரியல் நகரின் ஆர்தர் வைன்பெர்க் 1950-இல் உள்மார்புத் தமனியை வெட்டி, அதன் முனையை எந்தத் தமனியோடும் இணைக்காமல், இதயத்தசைக்குள் துளைத்த சுரங்கத்தில் நேரடியாகச் செருகினார். தசைக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளும் என்று பலர் கருதினாலும், 1960-களில் எடுக்கப்பட்ட படங்கள் சில நோயாளிகளில் அத்தமனி திறந்திருந்து கரோனரிக் கிளைகளோடு இணைந்திருப்பதைக் காட்டின. ஆனால் அந்த இணைப்பு உருவாகப் பல மாதங்கள் ஆயின. கிடைத்த இரத்தமும் குறைவு. 1956-இல் சார்லஸ் பெய்லி, கரோனரி தமனியைத் திறந்து உள்ளே இருந்த அடைப்பையே சுரண்டி எடுத்தார். எண்டார்டரெக்டமி எனப்படும் அம்முறை, இடர் மிகுந்ததாக இருந்ததால் ஒதுக்கப்பட்டு, பின்னர் வேறொரு தேவைக்காக மீண்டும் வந்தது.

பைபாஸ் உருவான விதம்

நேரடி அறுவைக்கு இரண்டு முன்தேவைகள் இருந்தன. ஒன்று, இதயத்தையும் நுரையீரலையும் சிறிது நேரம் ஓய்வில் வைத்து அவற்றின் பணியைச் செய்யும் இயந்திரம். அதை ஜான் கிப்பன் 1953-இல் மனிதரில் முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். மற்றொன்று, அடைப்பு எங்கே, எவ்வளவு என்பதை அறுவைக்கு முன்பே காட்டும் படம். 1958-இல் கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் பெருந்தமனிக்குள் செலுத்த எண்ணிய சாயம், குழாய் நழுவியதால் தற்செயலாக வலது கரோனரி தமனிக்குள் பாய்ந்தது. இதயம் சில நொடிகள் நின்று, நோயாளி இருமியதும் மீண்டும் துடித்தது. கரோனரி தமனிக்குள் நேரடியாகச் சாயம் செலுத்திப் படம் எடுக்கலாம் என்பது அந்த நிகழ்வால் தெளிவாயிற்று. இன்று எளிய வழக்கமாகிவிட்ட ஆஞ்சியோகிராம் அதிலிருந்து வளர்ந்ததே.

1960-இல் நியூயார்க்கில் ராபர்ட் கோட்ஸ், உலோக வளையத்தின் உதவியால் உள்மார்புத் தமனியை வலது கரோனரி தமனியோடு இணைத்தார். 1964 பிப்ரவரியில் லெனின்கிராடில் வசிலி கோலசோவ், துடிக்கும் இதயத்தின் மீதே இடது உள்மார்புத் தமனியைக் கரோனரி தமனியில் கையால் தைத்தார். அவர் பணியை உலகம் நெடுங்காலம் கவனிக்கவில்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெனே ஃபவலோரோ 1967 மே மாதத்தில் கிளீவ்லாந்து கிளினிக்கில் காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு வலது கரோனரி தமனியின் அடைப்பைக் கடந்தபோதுதான், எங்கும் செய்யத்தக்க, திரும்பத் திரும்ப ஒரே பலன் தரத்தக்க முறையாக பைபாஸ் நிலைபெற்றது. முதலில் அவர் அடைபட்ட பகுதியை வெட்டிவிட்டு இடையில் சிரையை வைத்துத் தைத்தார். விரைவிலேயே, பெருந்தமனியிலிருந்து நேராக அடைப்புக்கு அப்பால் சிரையை இணைக்கும் இன்றைய வடிவத்துக்கு மாறினார். 1968-இல் ஜார்ஜ் கிரீன், நுண்ணோக்கியின் துணையால் உள்மார்புத் தமனியை முன்னிறங்கு தமனியில் தைக்கும் முறையை அமெரிக்காவில் நிலைநாட்டினார். இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவையை 1975-இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே. எம். செரியன் செய்தார்.

அறுவை நடைபெறும் முறை

வழக்கமான முறையில் மார்பெலும்பு நடுவே பிளக்கப்பட்டு, இடது உள்மார்புத் தமனி மார்புச் சுவரிலிருந்து மெல்ல விடுவிக்கப்படுகிறது. அதே நேரத்தில் மற்றொரு மருத்துவர் காலின் உட்புறத்தில் தோலுக்கடியே ஓடும் சாபினஸ் சிரையை எடுக்கிறார். இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்தியபின், இதய-நுரையீரல் இயந்திரம் இணைக்கப்படுகிறது. பெருந்தமனி இடுக்கியால் மூடப்பட்டு, பொட்டாசியம் மிகுந்த கரைசல் கரோனரி தமனிகளுக்குள் செலுத்தப்படுகிறது. கார்டியோபிளீஜியா எனப்படும் இக்கரைசல், இதயத்தைத் தளர்ந்த நிலையில் நிறுத்தி, அதன் ஆற்றல் தேவையைப் பெரிதும் குறைத்து, இரத்தமின்றி இருக்கும் வேளையில் தசை சேதமடையாமல் காக்கிறது.

அறுவையின் உயிர்நிலை ஒட்டுக்குழாய் தமனியோடு தைக்கப்படும் சில நிமிடங்களில் இருக்கிறது. அடைப்புக்கு அப்பால், சுவர் மென்மையாக உள்ள இடத்தை விரலால் தொட்டறிந்து, தமனியின் முன்சுவரில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறுகிறார்கள்; பின்சுவரில் கத்தி படக்கூடாது. ஒட்டுக்குழாயின் முனை சாய்வாக வெட்டப்பட்டு அக்கீறலோடு பொருத்தப்படுகிறது. உருப்பெருக்கும் கண்ணாடி அணிந்து, மனிதத் தலைமுடியை ஒத்த பருமனுள்ள பாலிப்ரொப்பிலீன் நூலால், ஒவ்வொரு தையலும் தமனியின் உள்ளிருந்து வெளியே வரும்படி ஊசியைச் செலுத்துகிறார்கள். உட்படலம் விலகி உள்ளே மடியாமல் இருக்கவே இந்த ஒழுங்கு. முனையில் ஒரு தையல் சற்றே ஆழமாகப் போனாலும் வாய் சுருங்கிவிடும், தளர்ந்தால் கசியும். தைத்து முடித்தபின், ஒட்டுக்குழாயைச் சுற்றி வைக்கும் மீயொலி உணரி அதில் பாயும் இரத்தத்தின் அளவைக் காட்டுகிறது. ஓட்டம் குறைவாக இருந்தால் மார்பை மூடுவதற்கு முன்பே பிழை திருத்தப்படுகிறது.

எந்தக் குழாய்?

காலின் சிரை எளிதில் கிடைக்கும், நீளமானது, இதயத்தின் எப்பகுதிக்கும் எட்டும். ஆயினும் சிரையின் சுவர் தமனியின் அழுத்தத்துக்காக அமைந்ததன்று. முதல் மாதத்தில் இரத்த உறைவும், முதல் ஆண்டில் உட்படலத் தடிப்பும், அதற்குப் பின் கொழுப்புப் படிவும் அதைப் பாதிக்கின்றன; பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிச் சிரைகள் அடைந்தோ கடுமையாக நலிந்தோ போகின்றன. உள்மார்புத் தமனி இதற்கு நேர்மாறானது. அதன் உட்படலம் நாளத்தை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடைத் தாராளமாகச் சுரக்கிறது. அதில் கொழுப்பு படிவது அரிது. தோள்பக்கத்துத் தமனியிலிருந்து கிளைக்கும் அதன் தொடக்கம் துண்டிக்கப்படாமலே இருப்பதால் ஒரு முனையை மட்டும் தைத்தால் போதும். பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் இத்தகைய இணைப்புகளுள் 90 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருக்கின்றன. உள்மார்புத் தமனியை முன்னிறங்கு தமனியில் பெற்றவர்கள் சிரை மட்டும் பெற்றவர்களைவிட நீண்டகாலம் வாழ்ந்தனர் என்று கிளீவ்லாந்து கிளினிக் 1986-இல் வெளியிட்டது. அது முதல் இந்த இணைப்பு பைபாஸ் அறுவையின் அச்சாணியாகக் கருதப்படுகிறது.

ஒரு தமனி நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லதாகுமா என்னும் கேள்விக்கு விடை அவ்வளவு எளிதாக அமையவில்லை. இரு உள்மார்புத் தமனிகளையும் ஒன்றையும் ஒப்பிட்ட, 3,102 நோயாளிகளைக் கொண்ட ‘ஆர்ட்’ ஆய்வில் பத்தாண்டு இறப்பு விகிதம் முறையே 20.3, 21.2 விழுக்காடு, வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. இரண்டையும் எடுத்தால் மார்பெலும்புக்கு இரத்தம் குறைந்து, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கும் உடற்பருமன் மிகுந்தவர்களுக்கும், புண் ஆறுவதில் சிக்கல் கூடுகிறது. மணிக்கட்டில் நாடி பார்க்கும் ரேடியல் தமனியை அலன் கார்பாந்தியே 1970-களின் தொடக்கத்தில் பயன்படுத்தி, அது இறுகிச் சுருங்கியதால் கைவிட்டார். இருபது ஆண்டுகளுக்குப் பின், சுருங்காமல் தடுக்கும் மருந்துகளோடு அது மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. ஆறு ஆய்வுகளின் 1,036 நோயாளிகளை ஒருங்கே ஆராய்ந்து 2018-இல் வெளியான முடிவு, ஐந்தாண்டு அளவில் சிரையைவிட ரேடியல் தமனி மேலானது என்று காட்டியது. சிரையையும் சுற்றியுள்ள கொழுப்பு உறையோடு, பிடித்து இழுக்காமல், அழுத்தி விரிக்காமல் எடுத்தால் அதன் ஆயுள் கூடுகிறது என்பதை ஸ்வீடனின் ஓரெப்ரோ நகரில் டொமிங்கோஸ் சோசா வளர்த்த முறை உணர்த்தியிருக்கிறது.

இங்கு குறுகலின் கடுமையே தேர்வை ஆளும் ஒரு நுட்பம் உண்டு. தமனி அரைகுறையாக மட்டும் குறுகியிருந்தால், பழைய வழியாகவும் இரத்தம் வந்து புதிய பாதையோடு போட்டியிடும். ஓட்டம் குறைந்த ஒட்டுத் தமனி காலப்போக்கில் நூல்போல் ஒடுங்கிவிடும். எனவே ரேடியல் தமனியை மிகக் கடுமையாகக் குறுகிய தமனிகளிலேயே இணைக்கின்றனர். புதிய பாதை நிலைத்திருக்க வேண்டுமானால் அதற்கு உண்மையான தேவை இருக்க வேண்டும் என்பதால், தேவையற்ற இடத்தில் செய்யும் பைபாஸ் வீண் என்பதோடு நில்லாமல் நல்ல குழாய் ஒன்றையும் இழக்கச் செய்கிறது.

துடிக்கும் இதயமா, நிறுத்திய இதயமா?

இயந்திரத்தின் வழியே பாயும் இரத்தம் அயற்பரப்பைத் தொடுவதால் உடலெங்கும் அழற்சி எழுகிறது. பெருந்தமனியை இடுக்கும்போது அதில் படிந்துள்ள சுண்ணத்துகள்கள் மூளைக்குச் செல்லவும் கூடும். இவற்றைத் தவிர்க்க, உறிஞ்சிப் பிடிக்கும் கருவியால் இதயத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் அசையாமல் நிறுத்தி, மற்றப் பகுதி துடித்துக்கொண்டிருக்கும்போதே தைக்கும் முறை 1990-களில் பரவியது. இந்தியாவில் அது பெரும் செல்வாக்குப் பெற்றது. 4,752 பேரைக் கொண்ட ‘கரோனரி’ ஆய்வில் ஐந்தாண்டு முடிவில் இரு முறைகளும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. ஆனால் அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ‘ரூபி’ ஆய்வில் ஐந்தாண்டு இறப்பு, துடிக்கும் இதய முறையில் 15.2 விழுக்காடாகவும் இயந்திர முறையில் 11.9 விழுக்காடாகவும் இருந்தது. அசையும் பரப்பில் தைக்கும் திறன் மிகுந்த கைகளில் இரண்டும் சமம். அத்திறன் குறைந்தால் தையலின் தரமும் இணைப்புகளின் எண்ணிக்கையும் குறைந்து நோயாளிக்கு இழப்பு ஏற்படும் என்று இம்முடிவுகளைப் புரிந்துகொள்ளலாம். பெருந்தமனி முழுதும் சுண்ணம் படிந்தவர்களுக்கோ, அதைத் தொடாமலே செய்யும் துடிக்கும் இதய முறை தெளிவான நன்மை தருகிறது.

நெடுகிலும் படிந்த நோய்

பைபாஸ் முறையின் அடிப்படை எதிர்பார்ப்பு, அடைப்புக்கு அப்பால் நல்ல தமனி இருக்கும் என்பதே. நீரிழிவு நெடுங்காலம் இருந்தவர்களிடம் இது பொய்த்துப்போகிறது. தமனி தொடக்கம் முதல் முனை வரை தடித்து, தைக்க இடமே இல்லாமல் கிடக்கும். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற மக்களைவிட ஏறக்குறைய 6 ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்று ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு காட்டியது. நீரிழிவு பரவலாக உள்ள இம்மக்களிடையே இச்சிக்கல் அடிக்கடி எதிர்ப்படுவதால், இதைப் பற்றிய அறிவு இந்திய அறுவை மருத்துவர்களுக்கு விருப்பத்தேர்வன்று, கட்டாயம்.

பெய்லியின் பழைய எண்டார்டரெக்டமி இத்தேவைக்காகவே மீண்டும் வந்தது. மூடிய முறையில், சிறு கீறல் வழியே படிவுக்கும் தமனிச் சுவருக்கும் இடையில் தளம் கண்டு, படிவை மெல்ல இழுத்து, முனை கூர்ந்து முடியும்வரை முழுதாக வெளியே எடுக்கின்றனர். வெளிவரும் படிவில் பக்கக் கிளைகளின் கூர்முனைகளும் தெரிந்தால் வேலை முழுமை பெற்றது எனலாம். நடுவில் அறுந்தால் எஞ்சிய துண்டு கிளைகளை அடைத்துவிடும். திறந்த முறையில் தமனியைப் பல சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிளந்து, கண்ணால் பார்த்தே படிவை அகற்றி, அதன்மேல் உள்மார்புத் தமனியை நீளவாக்கில் பிளந்து கூரையாக வைத்துத் தைக்கின்றனர். சில மருத்துவர்கள் படிவை எடுக்காமல், நீண்ட கீறலின் மீது ஒட்டுத் தமனியை வைத்துத் தைத்து, நல்ல கிளைகள் பிரியும் வாய்களைப் புதிய குழலுக்குள் கொண்டுவந்து, கெட்ட படிவை வெளியே ஒதுக்கிவிடுகின்றனர். உட்படலம் நீங்கிய தமனியில் இரத்தம் எளிதில் உறையுமாதலால், எண்டார்டரெக்டமிக்குப் பின் உறைவுத்தடுப்பு மருந்துகள் கடுமையாகப் பேணப்பட வேண்டும். இந்த அறுவைகளில் இடர் சாதாரண பைபாஸைவிடக் கூடுதல். வேறு வழியில்லாத தமனிகளுக்கே இவை உரியவை. லேசர் கதிரால் இதயச் சுவரில் துளைகள் இடும் முறை 1990-களில் நம்பிக்கை ஊட்டினாலும், வலியைக் குறைத்ததேயன்றி வாழ்நாளை நீட்டியதாக உறுதியாகாததால் இன்று அரிதாகிவிட்டது.

மார்பெலும்பைப் பிளக்காமல் விலா எலும்புகளுக்கிடையே சிறு வெட்டின் வழியே உள்மார்புத் தமனியை மட்டும் இணைப்பதும், ரோபோக் கருவியின் துணையோடு அதைச் செய்வதும், அத்துடன் மற்றத் தமனிகளுக்கு, குறுகலைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைக்கும் கலப்பு முறையும் தேர்ந்த சில மையங்களில் நடைபெறுகின்றன. இவற்றால் மீட்சி விரைவாகிறது. ஆனால் பல தமனிகள் நோயுற்றவர்களுக்கு இவை பொது வழியாக இன்னும் அமையவில்லை.

ஸ்டென்டோடு ஒப்பிடுகையில்

1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் பலூனால் அடைப்பை விரித்தது முதல், அறுவை தேவைதானா என்னும் கேள்வி தொடர்கிறது. ஸ்டென்ட் ஒரு குறிப்பிட்ட குறுகலைத் திறக்கிறது; ஒட்டுக்குழாயோ, தைத்த இடத்துக்கு முன்னுள்ள பகுதி முழுவதிலும் எதிர்காலத்தில் தோன்றக்கூடிய அடைப்புகளையும் சேர்த்துக் கடந்துவிடுகிறது. நோய் பரவலாக உள்ளவர்களுக்கு அறுவை மேலாக அமைவதன் காரணம் இதுவே. 1,900 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த ‘ஃப்ரீடம்’ ஆய்வில் ஐந்தாண்டு இறப்பு ஸ்டென்ட் பிரிவில் 16.3 விழுக்காடு, அறுவைப் பிரிவில் 10.9 விழுக்காடு, அதே வேளையில் பக்கவாதம் அறுவைப் பிரிவில் 5.2 விழுக்காடாகவும் ஸ்டென்ட் பிரிவில் 2.4 விழுக்காடாகவும் இருந்ததை மறைக்கக் கூடாது. ‘சின்டாக்ஸ்’ ஆய்வின் பத்தாண்டுத் தொடர்ச்சியில், மூன்று தமனிகளிலும் நோய் இருந்தவர்களின் இறப்பு ஸ்டென்ட் பிரிவில் 28 விழுக்காடு, அறுவைப் பிரிவில் 21 விழுக்காடு. இதயத்தின் சுருங்கும் திறன் குன்றியவர்களிடம், மருந்தோடு பைபாஸும் பெற்றவர்களின் பத்தாண்டு இறப்பு 58.9 விழுக்காடாகவும் மருந்து மட்டும் பெற்றவர்களின் இறப்பு 66.1 விழுக்காடாகவும் இருந்ததை ‘ஸ்டிச்’ ஆய்வின் தொடர்ச்சி பதிவுசெய்தது.

மறுபுறம், நிலையான கரோனரி நோயுள்ள 5,179 பேரிடம் நடந்து 2020-இல் வெளிவந்த ‘இஸ்கீமியா’ ஆய்வு, இடது முதன்மைத் தமனி நலமாக இருப்பவர்களில் ஸ்டென்டோ அறுவையோ உடனடியாகச் செய்வது, நல்ல மருந்துச் சிகிச்சையைவிட இறப்பைக் குறைக்கவில்லை என்று கண்டது. ஆகவே ஆஞ்சியோகிராம் படத்தில் அடைப்பு தெரிந்தது என்பது மட்டுமே அறுவைக்குக் காரணமாகிவிடாது. எத்தனை தமனிகள், எந்த இடம், நீரிழிவு உண்டா, இதயத்தின் சுருங்கும் திறன் எவ்வளவு, தைக்கத்தக்க தமனி இருக்கிறதா என்னும் வினாக்களுக்கு விடை கண்டு, இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்தமர்ந்து நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளக்கி முடிவெடுப்பதே நேர்மையான நடைமுறை.

அறுவைக்குப் பின்

திட்டமிட்டுச் செய்யப்படும் பைபாஸ் அறுவையில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இறக்க நேர்கிறது. நான்கில் ஒருவருக்கேனும் முதல் சில நாட்களில் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுகிறது. மார்பெலும்பு கூடிவர இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. இவற்றைக் கடந்து வீடு திரும்பியவர் நோயிலிருந்து விடுபட்டவர் அல்லர். தமனிகளைக் குறுக்கிய காரணங்கள் உடலில் அப்படியே இருக்க, புதிய பாதைகளும் அவற்றுக்கு இரையாகக் கூடும். வாழ்நாள் முழுதும் ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்தும், புகையை முற்றாக விடுவதும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும் அறுவையின் பிற்சேர்க்கை அல்ல; அதன் ஒரு பகுதியே.

கேரலின் சோதனை முதல் இன்றைய ஆய்வுகள் வரை நோக்கும்போது, நிலைத்து நின்ற முன்னேற்றங்கள் நல்ல தமனியைத் தேர்ந்ததிலும், அதைத் தேவையுள்ள இடத்தில் பிழையின்றித் தைத்ததிலும், தைக்க இடமில்லாத தமனியைப் பொறுமையாகச் சீரமைத்ததிலும் விளைந்தவை என்பது விளங்கும். ஒரு மருத்துவமனை எவ்வளவு சிறிய வெட்டில், எவ்வளவு புதிய கருவியால் அறுவை செய்கிறது என்று கேட்பதற்கு முன், நோயாளிக்கு உள்மார்புத் தமனி பயன்படுத்தப்படுமா, எத்தனை இணைப்புகள் தேவை, அவற்றுள் எவை சிரை, எவை தமனி, ஏன் என்று கேட்பது அவருடைய உரிமை. அக்கேள்விகளுக்குத் தெளிவாக விடை சொல்லும் அறுவை மருத்துவமே, அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் அந்த இதயத்துக்குப் பொறுப்பேற்க வல்லது.